பெரம்பலூர் வானத்தில் ராத்திரி எட்டு மணிக்கு என்ன நடக்கிறது?

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நில அளவை வேலை பார்ப்பவர். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய நிலங்களை டிஜிபிஎஸ் வைத்து அளந்து கொடுப்பது அவர் தொழில். வந்ததும் வராததுமாக ஒரே புலம்பல்.

"தம்பி, நீதான் இதெல்லாம் படிக்கிறவன், கொஞ்சம் சொல்லு. பகல்ல வெயில் தாங்கலைன்னு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டாண்டுல மிஷின வெச்சு பத்து மணி வரைக்கும் ஓட விட்டேன். ஏழரை வரைக்கும் டேட்டா சுத்தமா இருக்கு. எட்டு மணிக்கு மேல முழுக்க சைக்கிள் ஸ்லிப். மறுநாளும் அதே கதை. மிஷின் கோளாறுன்னு சர்வீஸுக்குக் கொடுத்தா, ஒன்னும் இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. பார்ட்டி என்னடான்னா, உனக்கு மிஷின் ஓட்டவே தெரியலைங்கிறார். பாதிப் பணத்த நிறுத்தி வெச்சிருக்கார்."

"பக்கத்துல மரம், கட்டடம், டவர் ஏதாவது?"

"பொட்டக்காடு தம்பி. சுத்திலும் ஒன்னும் கிடையாது."

"காலைல வெச்சுப் பாத்தீங்களா?"

"காலைல நல்லாத்தான் வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கொஞ்சம் கோபம். "மிஷின்ல கோளாறு இல்லண்ணே. உங்க மேலயும் தப்பு இருக்கிற மாதிரி தெரியல. கோளாறு மேல இருக்கு, முன்னூறு கிலோமீட்டர் உயரத்துல" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு அவரிடம் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மேலே என்ன இருக்கிறது?

எங்கள் ஊரைத் தேடி வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் வருவது காலடியில் இருப்பதற்காக. காரைப் பக்கம் போனால், சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததற்கான தொல்லுயிர் எச்சங்கள் மண்ணிலேயே கிடக்கும். தலைக்கு மேலே இருக்கிற இன்னொரு கடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கடலின் பெயர் அயனி மண்டலம்.

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வளி அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுத்துவிடுகின்றன. மிச்சம் நிற்பது அயனி. எலெக்ட்ரானும் அயனியும் கலந்த அந்தக் கலவைதான் பிளாஸ்மா. சுமார் 300 கி.மீ. உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலெக்ட்ரான் வரை இருக்கும். கேட்க அதிகமாகத் தெரிந்தாலும், அதே இடத்தில் மின்னேற்றம் இல்லாத சாதாரண அணுக்கள் அதைப்போல ஆயிரம் மடங்கு இருக்கின்றன. ஆனாலும் ரேடியோ அலைக்கு அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் முக்கியம்.

இதில் இரண்டு அடுக்குகளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். சுமார் 100 கி.மீ. உயரத்தில் இருப்பது ஈ அடுக்கு. அதற்கு மேலே, 200 கி.மீ.க்கு மேல் தொடங்குவது எஃப் அடுக்கு. இரண்டுக்கும் குணம் வேறு. ஈ அடுக்கில் இருப்பவை மூலக்கூறு அயனிகள். வெயில் போனதும் எலெக்ட்ரானோடு சட்டென்று சேர்ந்துவிடும். எஃப் அடுக்கில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை ஆக்சிஜன் அயனி. அது லேசில் சேராது, ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடிக்கும்.

நம் கதையே இந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது.

ஒரே ஊரில் மூன்று அஸ்தமனம்

மார்ச் மாதக் கடைசியில் பெரம்பலூரில் சுமார் ஆறு இருபதுக்குச் சூரியன் மறைகிறது. அது தரையில் நிற்கிற நமக்கு. உயரத்தில் இருப்பவனுக்குச் சூரியன் இன்னும் தெரியும். எளிய வடிவியல்தான்; 100 கி.மீ. உயரத்தில் சுமார் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் அஸ்தமனம். 350 கி.மீ. உயரத்தில் ஒன்றேகால் மணி நேரம் கழித்து.

அதாவது ஏழு மணிவாக்கில் ஈ அடுக்குக்கு விளக்கு அணைகிறது. ஏழரைக்கு மேல்தான் எஃப் அடுக்குக்கு. முதலில் அணைகிற ஈ அடுக்கு வேகமாகக் காலியாகிறது. எஃப் அடுக்கின் அடிப்பகுதியும் கரைய ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கீழே போகப் போக மூலக்கூறுகள் அதிகம், அயனிகள் அங்கே சீக்கிரம் அழியும். மேல்பகுதி மட்டும் அடர்த்தியாக அப்படியே நிற்கிறது.

இதற்குள் இன்னொன்றும் நடக்கிறது. மேல்வளியில் வீசும் காற்றும் மாறிக்கொண்டிருக்கும் மின்கடத்துத்திறனும் சேர்ந்து, அஸ்தமனத்தை ஒட்டி ஒரு கிழக்கு நோக்கிய மின்புலத்தைத் திடீரென்று எகிறச் செய்கின்றன. அந்த மின்புலமும் பூமியின் காந்தப்புலமும் சேர்ந்து மொத்த எஃப் அடுக்கையும் வினாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் மேலே தூக்குகின்றன. அணையப் போகிற விளக்கு கடைசியாக ஒருமுறை பிரகாசிப்பது போல, ராத்திரியில் திசை மாறப் போகிற மின்புலம் மாறுவதற்கு முன் காட்டும் வேகம் இது.

ஆக, ஏழரை மணிக்கு நிலைமை இதுதான்: மேலே அடர்த்தி, கீழே காலி, எல்லாம் சேர்ந்து உயரத்தில் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது.

கவிழ்த்த டம்ளர்

பள்ளிக்கூடத்தில் இந்தச் சோதனையைச் செய்திருப்பீர்கள். டம்ளர் நிறையத் தண்ணீர், மேலே ஒரு அட்டை, அப்படியே கவிழ்த்தால் தண்ணீர் விழாது. காற்றழுத்தம் தாங்குகிறது என்று சார் சொல்லியிருப்பார். சரிதான். காற்றழுத்தம் பத்து மீட்டர் உயரத் தண்ணீரையே தாங்கும். அப்படியென்றால் அட்டையை எடுத்ததும் தண்ணீர் ஏன் கொட்டுகிறது? காற்றழுத்தம் அப்போதும் அங்கேயேதான் இருக்கிறது!

காரணம், அட்டை இல்லாத தண்ணீர்ப் பரப்பு தட்டையாக நிற்காது. எங்காவது துளியூண்டு நெளியும். நெளிந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் கீழே வரும், பக்கத்தில் காற்று கொஞ்சம் மேலே ஏறும். ஏறினால் இன்னும் நெளியும், நெளிந்தால் இன்னும் ஏறும். கண் மூடித் திறப்பதற்குள் தரையெல்லாம் தண்ணீர். கனமானது மேலே, லேசானது கீழே என்ற நிலைமை இருந்தால், அதைக் கவிழ்க்க ஒரு சின்ன நெளிவு போதும். இதற்கு ராலே, டெய்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் பெயரால் ராலே–டெய்லர் நிலையின்மை என்று பெயர். 1956இல் டங்கி என்பவர், ராத்திரி அயனி மண்டலத்தில் நடப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று சொன்னார்.

நம் டம்ளரில் காற்று செய்யும் வேலையை அங்கே காந்தப்புலம் செய்கிறது. காந்த நடுக்கோட்டில் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாக, தெற்கு வடக்காகப் படுத்திருக்கும். மின்னேற்றம் உள்ள துகள் காந்தக் கோட்டைக் குறுக்கே தாண்டி விழ முடியாது. அதனால் பிளாஸ்மா அந்தரத்தில் தொங்குகிறது. எங்காவது ஒரு நெளிவு விழுந்தால், அந்தப் பள்ளத்தின் மேற்குச் சுவரில் நேர் மின்னூட்டமும் கிழக்குச் சுவரில் எதிர் மின்னூட்டமும் சேரும். இரண்டுக்கும் நடுவே உண்டாகும் மின்புலம் அந்தக் காலியிடத்தை இன்னும் மேலே தள்ளும். பள்ளம் ஆழமாகும், மின்னூட்டம் கூடும், மறுபடியும் மேலே போகும்.

அப்படியென்றால் பகலில் ஏன் இது நடப்பதில்லை? அங்கேதான் ஈ அடுக்கு வருகிறது. காந்தக் கோடுகள் நடுக்கோட்டுக்கு மேலே வில் மாதிரி வளைந்து, இரண்டு முனையும் வடக்கிலும் தெற்கிலும் ஈ அடுக்கில் ஊன்றியிருக்கும். பகலில் ஈ அடுக்கு நல்ல மின்கடத்தி. எஃப் அடுக்கில் எங்கே மின்னூட்டம் சேர்ந்தாலும் அந்தக் கோடுகள் வழியாக இறங்கி ஓடிவிடும். வீட்டில் எர்த் வயர் போட்டிருக்கிறோமே, அதே வேலை. ஏழு மணிக்கு ஈ அடுக்கு காலியானதும் எர்த் அறுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நெளிவைத் தடுக்க ஆளில்லை.

குமிழி

அடிப்பகுதியின் காலியிடம் ஒரு குமிழியாக மேலே கிளம்புகிறது. வினாடிக்கு நூறு மீட்டர், சில சமயம் பல நூறு மீட்டர் வேகம். உள்ளே எலெக்ட்ரான் அடர்த்தி வெளியே இருப்பதில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, சில நேரம் அதைவிடவும் குறைவு. குமிழி என்று சொன்னாலும் அது உருண்டை இல்லை. ஒரே காந்தக் கோட்டில் இருக்கும் பிளாஸ்மா சேர்ந்தேதான் நகரும். அதனால் நடுக்கோட்டுக்கு மேலே குமிழி எழும்போது, அதன் இரண்டு கைகளும் வளைந்த கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் ஆயிரக்கணக்கான கி.மீ. நீளும். கிழக்கு மேற்காகப் பார்த்தால் அகலம் சில பத்து கி.மீ. முதல் சில நூறு கி.மீ. வரைதான். நீளமான வாய்க்கால் ஒன்றை வானத்தில் வெட்டியது மாதிரி.

இந்தியாவில் காந்த நடுக்கோடு தென் முனையை ஒட்டிப் போகிறது. பெரம்பலூர் அதற்கு வடக்கே முன்னூறு கி.மீ. சொச்சம். காந்தக் கோட்டின் வளைவைக் கணக்குப் போட்டால் ஒரு சுவாரசியமான விஷயம் கிடைக்கும். நடுக்கோட்டுக்கு மேலே குமிழி சுமார் 325 கி.மீ. உயரத்துக்கு வந்தாலே அதன் வடக்குக் கை பெரம்பலூருக்கு மேலே 300 கி.மீ. உயரத்தைத் தொட்டுவிடும். சென்னையைத் தொட சுமார் 350 கி.மீ. போதும். டெல்லியைத் தொட வேண்டுமானால்? ஆயிரம் கி.மீ.க்கு மேல் எழ வேண்டும். எல்லாக் குமிழியும் அவ்வளவு உயரம் போவதில்லை. ஆகவே இந்த விஷயத்தில் டெல்லிக்காரர்களைவிட நாம் "பாக்கியசாலிகள்". தெற்கே பிறக்கிற குமிழிகளில் பெரும்பாலானவை நம் வானத்தில் தலைகாட்டாமல் இருக்காது.

பிறந்த குமிழி ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. கிழக்கு நோக்கி வினாடிக்கு நூறு மீட்டர் போல நகரும். பெரம்பலூருக்கு மேலே இருக்கும் குமிழி அரியலூருக்கு மேலே போய்ச் சேர நாலு நிமிஷம் ஆகலாம். நம்ம ஊர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

சிக்னலுக்கு என்ன ஆகிறது?

நட்சத்திரம் ஏன் சிமிட்டுகிறது? நடுவில் இருக்கும் காற்றின் அடர்த்தி சீராக இல்லாததால். குமிழியின் சுவர்களும் அப்படித்தான். பெரிய குமிழி எழும்பும்போதே அதன் விளிம்புகள் உடைந்து கிலோமீட்டர், நூறு மீட்டர், மீட்டர் அளவு என்று பொடிப்பொடியான கட்டமைப்புகளாகச் சிதறுகின்றன. 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் இதைத் தாண்டி வரும்போது, ஒரு பகுதி முந்தியும் ஒரு பகுதி பிந்தியும் வந்து, தரையில் ஒன்றோடு ஒன்று மோதுகிறது. ஒரு வினாடி சிக்னல் பலமாக இருக்கும், அடுத்த வினாடி படுத்துவிடும். ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அதிகத் தொல்லை தருவது சுமார் 400 மீட்டர் அளவுள்ள கட்டமைப்புகள்.

நிலம் அளக்கும் மிஷின் சாதாரண போன் மாதிரி இல்லை. சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலையில் எத்தனை சுற்று வந்தது என்று விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். அப்படி எண்ணினால்தான் சென்டிமீட்டர் துல்லியம் வரும். சிக்னல் ஒரு நொடி படுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். அதுதான் அண்ணன் சொன்ன சைக்கிள் ஸ்லிப். ஒரு சாட்டிலைட்டில் நடந்தால் சமாளிக்கலாம். நாலைந்தில் மாறி மாறி நடந்தால் மிஷின் என்ன செய்யும்?

அன்றைக்கு ராத்திரி நானும் சும்மா இருக்கவில்லை. போனில் ஜிபிஎஸ் சிக்னல் பலத்தைக் காட்டும் ஒரு ஆப்பைப் போட்டு, மொட்டை மாடித் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். எட்டு மணி வரை பெரிய மாற்றம் இல்லை. எட்டேகாலுக்கு மேற்குப் பக்கம், நல்ல உயரத்தில் இருந்த ஒரு சாட்டிலைட் 42லிருந்து 25க்கு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உச்சியில் இருந்தது ஆட ஆரம்பித்தது. அப்புறம் கிழக்கே. மேற்கிலிருந்து கிழக்காக எதுவோ கடந்து போனது போல இருந்தது. இது ஆராய்ச்சி ஆகாது என்று எனக்குத் தெரியும். போனின் ஆன்டெனா மட்டமானது, ஒரு ராத்திரி பார்த்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் வானத்தில் ஒரு நட்சத்திரமும் அசையாமல் இருக்க, கையில் எண்கள் மட்டும் குதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் சிலிர்த்தது உண்மை.

யார் கண்டுபிடித்தார்கள்?

முதலில் பார்த்தது பெரு நாட்டில். அங்கே ஹுவான்காயோ என்ற ஊரும் காந்த நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. கீழிருந்து ரேடியோ துடிப்புகளை மேலே அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவிக்கு அயனோசோண்டு என்று பெயர். சாதாரணமாக எதிரொலி ஒரு மெல்லிய கோடாக விழும். சில ராத்திரிகளில் கோடு பரவிப் பூசினாற்போல் வந்தது. 1938இல் புக்கரும் வெல்ஸும் அதைப் பற்றி எழுதினார்கள். கோடு பரவியதால் ஸ்ப்ரெட் எஃப் என்று பெயர் வந்தது. இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அது குமிழிதான் என்று கண்கூடாகத் தெரிய 1976 ஆக வேண்டியிருந்தது. பெருவின் ஹிக்காமார்க்கா ரேடாரில் வுட்மனும் லா ஹோஸும் எடுத்த படங்களில், புகைபோக்கியிலிருந்து புகை எழுவது மாதிரி தூண் தூணாக எழும்பும் வடிவங்கள் தெரிந்தன.

நம் பக்கமும் சும்மா இல்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1950களிலேயே அயனோசோண்டு ஓடிக்கொண்டிருந்தது, ஸ்ப்ரெட் எஃப் பதிவாகிக்கொண்டிருந்தது. 1963 நவம்பர் 21ஆம் தேதி தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பிய கதை எல்லோருக்கும் தெரியும். சர்ச், சைக்கிள் எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் ஏன் தும்பா என்பதை வேகமாகத் தாண்டிவிடுவோம். அங்கே காந்த நடுக்கோடு இருந்தது, அவ்வளவுதான். இந்திய விண்வெளித் திட்டம் தென் முனையில் பிறந்ததற்குக் காரணமே நம் தலைக்கு மேலிருக்கும் இந்த மண்டலம்தான். அடுத்து 1975–76இல் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்ட ஏடிஎஸ்–6 செயற்கைக்கோள் இந்தியப் பக்கம் நகர்த்தப்பட்டபோது, ஊட்டியில் ஒரு குழு அதன் ரேடியோ அலைகளை வாங்கி அயனி மண்டலத்தை ஆராய்ந்தது.

இன்றைக்குத் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே மொத்த வானத்தையும் ஒரே படத்தில் எடுக்கும் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எஃப் அடுக்கில் எலெக்ட்ரானும் அயனியும் சேரும்போது 630 நானோமீட்டர் அலைநீளத்தில் மிக மங்கலான சிவப்பு ஒளி வரும். நம் கண்ணுக்குத் தெரியாது. நிலா இல்லாத, மேகம் இல்லாத ராத்திரியில் கேமராவுக்குத் தெரியும். குமிழி இருக்கும் இடத்தில் எலெக்ட்ரான் இல்லை, அதனால் ஒளியும் இல்லை. தெற்கு வடக்காகக் கறுப்புப் பட்டைகள் கிழக்கு நோக்கி நகர்வது படங்களில் பதிவாகும். இன்னும் வடக்கே, திருப்பதி பக்கத்தில் காடங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கிறது. அது பார்ப்பது குமிழிக்குள் இருக்கும் மூன்று மீட்டருக்கும் குறைவான நுணுக்கங்களை. ஒரே குமிழியை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு அளவில் பார்க்கிறது. யானையைத் தடவிப் பார்த்த கதைதான்.

ஏன் மார்ச்?

எர்த் வயருக்கு இரண்டு முனை என்று சொன்னேன், வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் இருட்டினால்தான் எர்த் முழுசாக அறும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகல் இரவு எல்லைக் கோடு நேர் தெற்கு வடக்காக இருக்கும். இந்தியாவில் காந்தக் கோடுகளும் கிட்டத்தட்ட நேர் தெற்கு வடக்குதான். இரண்டு முனையும் ஒன்றாக இருட்டிவிடும். ஜூனிலோ டிசம்பரிலோ எல்லைக் கோடு சாய்ந்திருப்பதால் ஒரு முனையில் இன்னும் வெளிச்சம் இருக்கும், எர்த் வேலை செய்துகொண்டிருக்கும். பிரேசிலில் காந்தக் கோடே சுமார் இருபது டிகிரி சாய்ந்திருப்பதால் அங்கே டிசம்பரை ஒட்டிய மாதங்கள்தான் குமிழிக் காலம். ஒரே விதி, ஊருக்கு ஊர் வேறு காலண்டர்.

பதினொரு வருஷச் சூரியச் சுழற்சியும் சேர்ந்துகொள்ளும். சூரியன் உக்கிரமாக இருக்கும் வருஷங்களில் எஃப் அடுக்கு அடர்த்தியாக இருக்கும், உயரமாகவும் எழும்பும். சூரியன் உச்சக் கட்டத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். அண்ணனின் மிஷின் இத்தனை வருஷம் ஒழுங்காக ஓடிவிட்டு இப்போது ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது.

சரி, நாளைக்கு வருமா?

இதுதான் அண்ணன் அடுத்து கேட்டது. "எல்லாம் சரி தம்பி, நாளைக்கு ராத்திரி வருமா வராதா, அதச் சொல்லு."

இங்கேதான் விஞ்ஞானிகளும் தலையைச் சொறிகிறார்கள். மாதம் தெரியும், நேரம் தெரியும், எந்த வருஷம் அதிகம் என்று தெரியும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு மார்ச் ராத்திரிகள், சூரியன் ஒரே மாதிரி, அடுக்கின் உயரமும் ஏறத்தாழ ஒன்று. ஒரு ராத்திரி குமிழி கிளம்பும், மறு ராத்திரி அமைதி. டம்ளர் கவிழ்ந்தே இருக்கிறது, நெளிவைக் கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி. ஒரு முக்கியமான சந்தேக நபர், கீழ்வளியிலிருந்து மேலேறும் கிராவிட்டி அலைகள் (ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பலை வேறு, இது காற்றிலேயே மேலும் கீழும் எழும் அலை). எங்கோ ஒரு இடிமழை மேகம் காற்றை உலுக்குகிறது, அந்த அலை மேலே ஏறி எஃப் அடுக்கின் அடியை நெளியச் செய்கிறது. கடலில் பெய்த மழை, அளவுக்காரரின் வேலையைக் கெடுக்கிறது! நினைத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த அலை எந்தக் குமிழிக்கு விதை என்று முன்கூட்டியே சொல்லும் அளவுக்கு இன்னும் யாரும் வரவில்லை. பூமியைத் தாக்கும் சூரியப் புயல்கள் வேறு, சில நேரம் குமிழியைத் தூண்டும், சில நேரம் அடக்கும். 2015 மார்ச் 17 புயலின்போது நம் சாயங்கால நேரத்தில் எஃப் அடுக்கு வழக்கத்துக்கு மீறி எகிறியதைத் திருநெல்வேலிக் கருவி பதிவு செய்திருக்கிறது.

இது வெறும் நில அளவைப் பிரச்சினை இல்லை. 2002 மார்ச் 4ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் தாகுர் கர் மலையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அங்கே இறங்க வேண்டாம் என்ற செய்தி உதவிக்குப் போன அமெரிக்க ஹெலிகாப்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஆட்கள் இறந்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் அன்றைய செயற்கைக்கோள் படங்களை எடுத்துப் பார்த்து, அந்த வானத்தில் அப்போது பிளாஸ்மா குமிழி இருந்ததாகவும், செய்தி தடைப்பட்டதில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம் என்றும் எழுதினார்கள். அவ்வளவு வடக்கே எட்ட அது எவ்வளவு உயரம் எழும்பியிருக்க வேண்டும் என்று மேலே போட்ட கணக்கை வைத்து நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு இருக்கிறது. ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்தி விமானத்துக்கு அனுப்பும். 2015இல் ஓடுபாதையை நெருங்கும் கட்டத்துக்கு அனுமதி கிடைத்தது, 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோ விமானம் ஒன்று அதன் துணையோடு இறங்கிக் காட்டியது. இப்படிப்பட்ட அமைப்பைக் குளிர்நாடுகளில் செய்வதைவிட இங்கே செய்வது பல மடங்கு கஷ்டம், காரணம் இந்த வானம். ககனில் ஒரு நல்ல குணம் உண்டு. அயனி மண்டலம் குழம்பியிருந்தால் தப்பான இடத்தைச் சொல்லாது. "இப்போது என்னை நம்பாதே" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி பத்திரமான கருவி. ஆனால் எப்போது ஒதுங்கும் என்று விமானிக்கு மத்தியானமே தெரிந்தால் இன்னும் நல்லது. அந்த முன்னறிவிப்புதான் இன்னும் கைக்கு வரவில்லை.

அண்ணனுக்குச் சொன்னது

கடைசியில் அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ராத்திரி எட்டு மணி முதல் நடுராத்திரி வரை முக்கியமான பாயின்ட் எதையும் எடுக்காதீர்கள். விடிகாலையில் ஆரம்பியுங்கள், வெயிலுக்கு முன் முடியும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பல அலைவரிசை, பல நாட்டு சாட்டிலைட்டுகளை வாங்கும் மிஷினாகப் பாருங்கள். குமிழி வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் மூடாது, கெட்டுப்போன சாட்டிலைட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்து ஓட்டலாம். பார்ட்டியிடம் காட்ட, ஒரே பாயின்ட்டைக் காலையிலும் ராத்திரியிலும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு வாரம் கழித்து போன் செய்தார். காலைப் பதிவையும் ராத்திரிப் பதிவையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பார்ட்டி முழுசாக நம்பவில்லை, ஆனாலும் நிறுத்திய பணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டாராம்.

"மீதி எப்ப தருவாராம்?" என்றேன்.

"அதான் நாளைக்கு வருமா வராதான்னு தெரியல தம்பி, உன் குமிழி மாதிரி" என்றார்.